எட்டு வயது விரலுக்கு நாற்பது வயது

"உங்க பொண்ணுக்கு எட்டு வயசுதானா?" என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டதில் லிஃப்ட் மெக்கானிக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பெற்றவள் அவள்தானே.

"எட்டுதான்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வகுப்பிலேயே தங்கள் பெண்தான் குள்ளம் என்ற கவலையில், குழந்தைகளின் வளர்ச்சிக் கோளாறுகளைப் பார்க்கும் இந்த டாக்டரம்மாவிடம் வந்திருந்தார்கள். அவர் உயரமும் எடையும் பார்த்துவிட்டு, இடது கையை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடுமாம். மெக்கானிக்குக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, மனைவியிடம் கைக்குழந்தை. அவள் அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி. எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டது, இனி ஒரு விரற்கடைகூட வளர இடமில்லை என்றார் டாக்டர்.

வீடு போய்ச் சேரும்வரை, யார் பக்கத்துச் சொந்தத்தில் குள்ளர்கள் அதிகம் என்று வாக்குவாதம். இரண்டு பக்கமும் தாராளமாக இருந்ததால் அது முடிவுக்கு வரவில்லை.

கோளாறு மெஷினில்தான் இருக்கும் என்று மெக்கானிக்கின் தொழில்புத்தி சொன்னது. வேறொரு இடத்தில் எடுக்க ஏற்பாடு செய்தார். மச்சான் மறுபடியும் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு போனார்.

புதுப் படம் பழையதைவிட மோசம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கட்டைவிரல் மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கு. நாப்பது வயசுக்கு மேலதான் இப்படி வரும்."

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். போன வாரம்தான் பால்பல் விழுந்தது. பல்லுக்கு எட்டு, விரலுக்கு நாற்பதா? அன்றிலிருந்து மகளைத் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்க விடவில்லை. வீட்டுப்பாடத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோழி கிளறியதுபோல் ஆகிவிட்டது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். அது தன் கையெழுத்து என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் மனைவி டாக்டரிடம் ஒப்பித்துவிட்டாள். நரம்பு டாக்டரையும் பார்த்துவிடுங்கள் என்றார் அவர்.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கே ஒண்ணும் புரியல. கடைசியா ஒரு தடவை, இங்கயே எடுத்துப் பாத்துடலாம்."

மச்சான் வெளியூர் போயிருந்தார். அதனால் மெக்கானிக்கே மகளை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போனார். அங்கிருந்தவர் ஒரு பலகையைக் காட்டி, இடது கையை விரித்து வைக்கச் சொன்னார். மெக்கானிக் மகளின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"வலிக்காதும்மா. கைய வை கண்ணு."

மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்த அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள்.

"நான் எதுக்குப்பா வைக்கணும்? எப்பவும் மாமாதானே வைப்பாரு."