உங்கள் அக்காவை இரண்டு ஞாயிறுகளுக்கு அழைத்துக்கொள்ளவும்

புதுப்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

அன்புள்ள மச்சான் ஹுசைனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசு சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மறைமலைநகரில் நீங்களும் ஷாஹிதாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கைப்பேசியில் நாலு வரி போடாமல் மச்சான் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். என் கைப்பேசி என் கையில் இருந்தால்தானே? உங்கள் அக்கா அமீனா பீவியின் கைப்பேசியில் படம் நிறைந்து இடமில்லையாம், என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு கொல்லையில் ஒரு அரணைக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். நான் வாங்கிய கைப்பேசி, படம் ஏறுவது அவள் பெயரில்.

விஷயம் இதுதான். கடையை மகனிடம் விட்ட பிறகு, எட்டு மாதமாக ஞாயிறுதோறும் சுஷ்மிதாவின் குழுவோடு போகிறேன். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் பொண்ணு. இருபது பேர் சேர்ந்து குளத்தங்கரையில் சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு பிடுங்குவோம், அப்புறம் கண்ணில் படுகிற பறவை, பூச்சி எல்லாவற்றையும் படம் எடுத்துப் பதிவு செய்வோம். யார் எத்தனை வகை பார்த்தார் என்று பட்டியல் வரும். சுஷ்மிதாவுக்கு இப்போது மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் பட்டியலில் முதலில் இருப்பவர்தான் அடுத்த பொறுப்பாளர். நாற்பது வருஷம் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்றவனுக்கு ஒரு பொறுப்பாளர் பதவி ஆகாதா மச்சான்? அந்த ஆசையில்தான் இருந்தேன், நாஸ்தா தூக்கிக்கொண்டு வரட்டுமே என்று உங்கள் அக்காவைக் கூட்டிப்போகிற வரைக்கும்.

முதல் நாளே மானம் போனது. கடற்கரை மணலில் ஊதாப் பூ பூத்த கொடி ஒன்று படர்ந்து கிடந்தது. காட்டாமணக்கிலும் அதே மாதிரி பூதானே, விடுவேனா, தனி ஆளாக இருபதடி நீளத்துக்கு உருவி எறிந்தேன். அப்போதே அவள், "ஏங்க, அது மண்ணப் புடிச்சிகினு கீற அடம்பங்கொடிங்க. நம்ம கரையில எப்பவும் கீறதுதான்" என்றாள். நீ இட்லியைப் பார் என்று சொல்லிவிட்டேன். சுஷ்மிதா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டது. பிடுங்க வந்த இருபது பேரும் அடுத்த இரண்டு ஞாயிறு நான் பிடுங்கியதைத் திரும்ப நட்டார்கள், நட்டுக்கொண்டே என் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

அது போகட்டும் என்று இருந்தால், பனைமரத்தில் ஆந்தை ஒன்றைக் கண்டுபிடித்தேன். யாரும் இருமக்கூடாது என்று இருபது நிமிஷம் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு பாலித்தீன் பை. அந்த இருபது நிமிஷத்தில், அதே பனை அடியில் சும்மா நின்ற உங்கள் அக்கா இரண்டு வண்டும் ஒரு ஓணானும் பதிந்துவிட்டாள். இப்போது எனக்கு முப்பத்தொன்று, அவளுக்குத் தொண்ணூற்று நாலு! துணி காயப்போடும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. தொழுகைக்குப் போனால், "அமீனா அக்கா ஊட்டுக்காரரா நீங்க?" என்று கேட்கிறார்கள். பள்ளிவாசல் வாசலில், மச்சான். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. நிக்காஹ் ஆன நாளிலிருந்து இவளுக்கு இவ்வளவு கூர்மையான கண் இருப்பது எனக்குத் தெரியாது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

ஆகவே தயவுசெய்து, ஷாஹிதாவுக்கு முடியவில்லை என்றோ வேறு எதையோ சொல்லி, உங்கள் அக்காவை இரண்டு ஞாயிறுகளுக்கு அங்கே அழைத்துக்கொள்ளவும். வீட்டைச் சுற்றி கம்பெனிச் சுவராக இருப்பது நல்லது. மரம் இருக்கிற பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு என் துஆவைச் சொல்லவும். எல்லோருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் கிடைக்கட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
மைதீன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சுஷ்மிதா இப்போதுதான் வந்துவிட்டுப் போனது. பொறுப்பாளர் நான்தானாம். யார் எத்தனை பதிந்தாலும் முதலிடம் அமீனா அக்காவுக்குத்தான், பொறுப்பை எடுத்துக்கொள்கிறீர்களா என்று போன வாரமே இவளைக் கேட்டிருக்கிறது. இவள், "எனக்கு வோணாம்மா. யாரு வந்தாங்க, மம்பட்டி எங்க போச்சுன்னு எழுதிகினு கெடந்தா நான் எப்ப பூச்சி பாக்கறது? எங்க ஊட்டுக்காரருக்குக் குடு, அவரு சும்மாதான் கீறாரு" என்று சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னால் என்ன, பதவி பதவிதான். ஆனால் வருகிற ஞாயிறு கல்லூரியிலிருந்து முப்பது பிள்ளைகள் வருகிறார்கள், கரையில் ஓடுகிற ஒவ்வொரு நண்டுக்கும் பொறுப்பாளர்தான் பெயர் சொல்ல வேண்டுமாம். எனக்கு நண்டு என்றுதான் தெரியும். அக்காவை அழைக்காதீர்கள். தானாகக் கிளம்பி வந்தாலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிப் பக்கம் போய்விடுங்கள்.