ஜெபம் எத்தனை மணிக்கு?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். என் அப்பாவின் அடக்க ஆராதனையில் நான் ஜோக் அடித்தேன்.

தாம்பரத்தில் எங்கள் சபையில், பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மூத்தவர் என்ற முறையில் அண்ணன்தான் பேசியிருக்க வேண்டும். தொண்டையை அடைக்கிறது என்று என்னைத் தள்ளிவிட்டார். ஞாயிறுதோறும் பிரசங்கம் தொடங்கிய நாலாவது நிமிடத்தில் அப்பா தூங்கிவிடுவார் என்பது சபைக்கே தெரியும். நான் மைக்கைப் பிடித்து, "பாஸ்டர் பேசும்போது அப்பா தூங்குறதுக்கு இன்னைக்குத்தான் சரியான காரணம் கிடைச்சிருக்கு" என்றேன். சபை சிரித்தது. போதகரே சிரித்தார். முன்வரிசையில் அண்ணன் மட்டும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகப் பெருங்களத்தூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு ஆறு வருடம் என்னோடு பேசவில்லை. சபையையும் மாற்றிக்கொண்டார்.

இதில் கூடுதல் விசேஷம் என்னவென்றால், சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் என் உத்தியோகமே, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் எப்படிப் பேசவேண்டும் என்று பயிற்சி கொடுப்பதுதான்.

இந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருந்த என் வாழ்க்கைக்குள் வந்தவர்தான் லிஃப்ட்காரர். தாம்பரத்தில் ஆரம்பித்து நாவலூர் வரைக்கும் உள்ள அத்தனை விசுவாசிகளையும் வரிசையாக நிறுத்தினாலும், "உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே ஜெபம் பண்ணுகிற ஆள் அவர் ஒருத்தர்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் கூண்டேறிச் சொல்வேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. பெரும்பாக்கத்தில் வீடு. ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்குமாடிகளிலும் எங்கள் சேலையூர்ப் பக்கத்திலும் லிஃப்ட் பராமரிக்கிற வேலை. அதனால் லிஃப்ட்காரர்.

எங்கள் முதல் சந்திப்பில் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் தனி ஆள். மின்விசிறியும் நின்றுவிட்டதால் தைரியத்துக்கு ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"உள்ள யாரு பாடறது?"

நான்தான் என்றேன்.

"நிறுத்தாதீங்க சார். நீங்க எங்க கீறீங்கன்னு அத வச்சுதான் பாத்துகினு கீறேன்."

எனக்குத் தெரிந்தது பல்லவியும் முதல் சரணமும்தான். அதையே ஏழு தடவை பாடினேன். கதவு திறந்தது. நரைத்த மீசை, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர், முட்டியைப் பிடித்தபடி குனிந்து பார்க்கும் ஓர் ஒல்லி மனிதர். உயிர் பிழைத்தவனிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "சபைக்குப் போறவருதானே சார்? ரெண்டாவது சரணம் வராதா?"

அவமானத்தை மறைக்க ஒரு மரியாதைச் சொல் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும், ஒருநாள் வாங்க என்றேன். நாம் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்கிறோம். யார் வருகிறார்கள்? அந்த வெள்ளிக்கிழமை ஆறரை மணிக் கூட்டத்துக்கு ஆறு மணிக்கே வந்து, நாற்காலிகளையும் அவரே விரித்துப் போட்டிருந்தார். அவரிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கூட்டம் எட்டுக் குடும்பம் சேர்ந்தது. பாட்டு, தியானம், கடைசியில் ஜெபக் குறிப்பு. அவரவர் பாரத்தை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "ஜெபத்துல வச்சுக்கிறோம்" என்போம். அதற்குள் சமோசா வாசனை வந்துவிடும். யார் பாரமும் சமோசா வரைதான் தாங்கும். அன்றைக்கு லிஃப்ட்காரர் தன் முட்டிவலியைச் சொன்னார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அக்கா ஒருவர், நான் ஜெபம் பண்றேன் பிரதர் என்று வாஞ்சையோடு சொன்னார்.

அடுத்த வெள்ளி, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே லிஃப்ட்காரர் அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அக்கா, முட்டிக்குப் பண்ணீங்களா?"

டீச்சர் அக்கா தாராளமாகச் சிரித்து, பண்ணேனே என்றார்.

"எத்தினி மணிக்கு?"

நாற்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு நடுங்கவைத்தவர், காலையில் என்று இழுத்தார். எந்தக் கிழமை காலையில் என்றார் இவர். அதில் குத்தல் துளியும் இல்லை என்பதுதான் கொடுமை. "செவ்வாக்கெழம காத்தால கொஞ்சம் வலி கம்மியா இருந்துச்சுக்கா. உங்க ஜெபந்தானான்னு டேலி பண்றேன்" என்று வெள்ளந்தியாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அன்றைக்குச் சமோசா சாப்பிடவில்லை.

அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் "ஜெபம் பண்றேன்" என்ற வாக்கியத்தின் புழக்கம் பாதியாகக் குறைந்தது. வாட்ஸாப் குழுவிலாவது தப்பிக்கலாம் என்று பார்த்தால், கைகூப்பும் பொம்மையைப் போட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் போன் வந்தது. பண்ணிட்டுப் போட்டீங்களா, போட்டுட்டுப் பண்ணப்போறீங்களா? எனக்கும் வந்தது. நான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகப் பொய் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த நான் வேறு வழியில்லாமல் ஜெபம் பண்ணினேன்.

அவர் மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மோட்டார் அறையில் ஓர் அட்டை தொங்கும். தேதி, புகார், செய்த வேலை, கையெழுத்து என்று நாலு கட்டம். அதே மாதிரி அட்டைகளில்தான் எங்கள் ஜெபக் குறிப்புகளையும் எழுதிவைத்திருந்தார். புகார் தீர்ந்தால் நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். பக்கத்து பிளாக்கில் ஒருவர், வீட்டுக் குழாய் ராத்திரி பகல் சொட்டி மனச்சமாதானமே போய்விட்டது என்று குறிப்புக் கொடுத்தார். சனிக்கிழமை காலை லிஃப்ட்காரர் ஸ்பேனரோடு அவர் வீட்டு வாசலில் நின்றார். ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே வாஷர் போயிருக்கும் என்று தோன்றியதாம். போயிருந்தது. மாற்றினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார்.

இதையெல்லாம் நான் அலுவலகத்தில் நடித்துக்காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒருநாள்தான் என் நடிப்பு நின்றது. எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனபோது மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. மதிய நேரம். அனல். சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் முட்டி போட முடியாததால் ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து, அட்டை அட்டையாகப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அக்காவின் சர்க்கரை. யாருடைய பேத்தியோ எழுதும் பரீட்சை. அப்புறம் என் அண்ணன் பெயர். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். ஈரத்துணியை அப்படியே எடுத்து வந்ததற்கு வீட்டில் திட்டு விழுந்தது.

இயேசுவின் சீஷன் என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். அதைக் கேட்கும்போதெல்லாம் தாடி, அங்கி, கையில் கோல் என்றுதான் மனதில் படம் ஓடும். பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருப்பான் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அண்ணன் பெயர் அங்கே எப்படிப் போனது என்று சொல்லவேண்டும். ஆறு வருடமாக வாராவாரம் நான் கொடுக்கும் ஒரே ஜெபக் குறிப்பு, "எங்க அண்ணன் மனசு மாறணும்" என்பதுதான். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். கூட்டம் உச்சுக்கொட்டும். அது எனக்குப் பிடிக்கும்.

லிஃப்ட்காரருக்கு அந்த அட்டை பெரிய பேஜாராகிவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் எந்தப் புகாரும் தன் கையில் நின்றதில்லை என்று வருத்தப்பட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணனின் முகவரி வேண்டும் என்றார். விலாசம் இருந்தால்தான் ஜெபம் சரியாகப் போய்ச் சேருமா என்று கிண்டலடித்து எழுதிக்கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கூட்டத்துக்கு முன்னால், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"போயி பாத்துட்டேன் சார். பெருங்களத்தூரு."

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"காபி குடுத்தாரு. நல்ல மனுசன். அவுரும் அவுரு சபைல புதன்கெழம புதன்கெழம குறிப்பு குடுத்துகினுதான் கீறாரு. தம்பி மனசு மாறணும்னு. ஆறு வருசமா."

ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று வாய் வழக்கம்போலத் தயாரானது. அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

"ஒரே ரோப்ப ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுத்துகினு கீறீங்க. பொட்டி எப்டி சார் நகரும்? எந்தப் பக்கம் வேல செய்யறதுன்னு ஆண்டவருக்கே பேஜாரா இருக்காது?"

பிறகு அட்டையை எடுத்தார். புகார் கட்டத்தில் 'அண்ணன் மனசு' என்று இருந்ததை ஒரே கோடாக அடித்து, 'தம்பி வாய்' என்று எழுதினார். செய்த வேலை என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டு, அட்டையை என் கையில் கொடுத்துவிட்டார்.

"இது உங்க வூட்டு மிஷின் சார். நீங்கதான் தொறக்கணும்."

ஒரு வாரம் அந்த அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. எந்தச் சட்டையை மாற்றினாலும் அதுவும் கூடவே மாறியது. வகுப்பில் பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஐந்து படிகள் சொல்லித்தருவேன். அந்த வாரம் முதல் படியே வாயில் வரவில்லை.

சனிக்கிழமை பெருங்களத்தூர் போனேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார். ஆறு வருடத்தில் தலைமுடி முக்கால்வாசி போயிருந்தது. அதைப் பற்றி நல்ல ஜோக் ஒன்று உடனே வந்தது, விழுங்கினேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் ஜோக் அது. "அண்ணா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சிரிக்கவைக்கலைன்னா அழுதுடுவேன்னு பயந்துட்டேன்" என்றேன்.

அண்ணன் கதவைப் பிடித்தபடியே நின்றார். "எனக்கும் சிரிப்பு வந்துடுச்சுடா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கைக்குட்டைக்குள்ள சிரிச்சுட்டுதான் இருந்தேன். அப்பா பெட்டிக்குள்ள இருக்கார், மூத்த பையன் நான் சிரிக்கிறேன். அதை உன்மேல போட்டுட்டேன்."

ஆறு வருடம். தோள் குலுங்கியதைக் கோபம் என்று நானும், தன் சிரிப்பை என் குற்றம் என்று அவரும் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு கூட்டங்களில் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஜெபித்திருக்கிறோம். வாசலிலேயே நின்று இரண்டு பேரும் அழுதோம். நடுவில் சிரிக்கவும் செய்தோம். அண்ணி காபியோடு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன மாதம் லிஃப்ட்காரருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. நானும் அண்ணனும் பெரும்பாக்கம் போனோம். வழிநெடுக வாக்குவாதம். நோயாளிக்குக் கொய்யா ஆகாது என்று அண்ணன், சாத்துக்குடியை யார் உரிப்பது என்று நான். படிக்கட்டு ஏறி அவர் வாசலுக்கு வந்தும் அது ஓயவில்லை, வீட்டுக்குள் வரை கேட்டிருக்கும். உள்ளே, கட்டிலில் காலை நீட்டித் தலையணை மேல் வைத்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் அட்டைக் கட்டு.

நான் நன்றாக வேலை பார்க்கிறேனா என்று விசாரிக்க ஆள் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேனா என்று விசாரிக்கவும் இருக்கிறது. சொன்னதைச் செய்தேனா என்று இத்தனை வருடத்தில் என்னைக் கேட்டது அந்த ஒரு மனிதர்தான். அவர் கேட்பார் என்பதற்காகவே நான் இப்போது விடியற்காலையில் எழுந்திருக்கிறேன். அவர் கேட்காத ஒரு நாள் வந்துவிடக்கூடாது என்பதுதான் இப்போதைக்கு என் ஜெபக் குறிப்பு.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "உங்க முட்டிக்கு நானும் அண்ணனும் போன்ல சேர்ந்து ஜெபம் பண்றோம் பிரதர். தினமும் காலையில அஞ்சரை மணிக்கு. டேலி பண்ணிக்குங்க."

லிஃப்ட்காரர் ஓர் அட்டையை உருவி, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்ட எத்தினி மணிக்கு?"