அடிநீரை எழுப்பாதவர்

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்த கதையை இன்று பலர் பலவாறு சொல்கிறார்கள். அவற்றுள் ஒன்றிலும் சமுத்திரத்தார் இல்லை. அக்குறையை நீக்கவே இதை எழுதுகிறேன். உப்புநீரை அவரளவு போற்றிய உயிர் மீனினத்தில்கூட இராது.

பழவேற்காட்டுப் பக்கம் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். காலணித் தொழிற்சாலை வேலைக்காக இங்கே குடியேறியவர். சமுத்திரத்தார் என்பது தெரு சூட்டிய பட்டப்பெயர். எங்கள் பொதுக்கிணற்று நீரில் பால் திரியும். சோப்பு தேய்ந்து தீருமே தவிர நுரைக்காது. நாங்கள் குடிநீரை விலைக்கு வாங்குவோம். அவரோ கிணற்று நீரையே குவளை குவளையாகப் பருகுவார்.

"இதெல்லாம் ஒரு உப்பா? எங்க ஊர்ல இத கொழந்தைக்குக் குடுப்பாங்க!"

இறைப்பதிலும் அவருக்குத் தனி முறை உண்டு. கடலோரக் கிணறுகளில் நன்னீர் மேலே மிதக்கும். உவர்நீர் அடியில் கிடக்கும். ஆதலால் வாளியைச் சாய்த்து மேல்நீரை மட்டும் மெல்ல மொள்வார்கள். அம்முறையை அவர் இங்கும் விடவில்லை. ஒருநாள் எதிர்வீட்டுச் செல்வி வாளியைத் தொப்பென்று போட்டுவிட்டாள்.

"அடியில கீற உப்ப எழுப்பி உட்டியேம்மா!"

"இன்னாண்ணா, உப்பு தூங்குதா? தாலாட்டு வேற பாடணுமா?"

குழாய் கேட்டு நகராட்சிக்கு நாங்கள் எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்த நாளில் வேடிக்கை முடிந்தது. 'தெருவினர் கிணற்று நீரையே பருகுகின்றனர்' என்று அதில் குறித்திருந்தார்கள். விசாரிக்க வந்த எழுத்தரிடம் நம்மவர் பெருமையடித்திருக்கிறார்!

"உன் வாயால போச்சுண்ணா எங்க பைப்பு," என்றாள் செல்வி. அவள் சிரிக்கவில்லை.

மீண்டும் முறையிட்டோம். அதிகாரி அம்மையார் வண்டியில் நேரில் வந்தார்.

"கடலோரத்துல இதவிட உப்பாவே குடிக்கிறாங்களாமே?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமுத்திரத்தார் முன்வந்தார். இரு கைகளிலும் குவளைகள்.

"குடிப்போம்மா. எங்க ஊர் உப்பு மழை பேஞ்சா அடங்கும். இது எத்தினி மழைக்கும் அடங்கல. இது மேல மொண்டது, இது அடியில மொண்டது. ரெண்டும் ஒண்ணுதான். இது கடல் உப்பு இல்ல, தோல் கம்பெனிக் கழிவுல வந்த உப்பு. நல்ல தண்ணின்னு நான் சொன்னது வெறும் வீம்பு. அதையும் எழுதிக்குங்க. பைப்பு உண்டுன்னு எழுதாம இந்த வண்டி நகராது!"

சொன்னவர் வண்டியின் முன்னே சம்மணமிட்டு அமர்ந்தார். அம்மையார் ஒரு மடக்கு வாயில் வைத்தார். விழுங்கவும் இயலவில்லை, எங்கள் முன்னே உமிழவும் இயலவில்லை. கலங்கிய கண்களுடன் அங்கேயே பரிந்துரை எழுதினார்.

குழாய் வந்தது. முதற்குவளையைச் செல்வி அவரிடமே நீட்டினாள். பருகினார், முகம் சுளித்தார்.

"சப்புனு கீதும்மா. ஒரு சிட்டிகை உப்பு இருந்தா குடேன்."

பணி ஓய்வுக்குப் பின் அவர் தம் கடலோரத்துக்கே திரும்பிவிட்டார். இதில் பிழை காண்போர் திருத்தியருள வேண்டுகிறேன். ஆனால் அக்கிணற்று நீரை ஒரு குவளை பருகிவிட்டு வந்து திருத்துங்கள். அவரே திருத்துவதானால் நிபந்தனை ஏதுமில்லை, வந்தால் போதும்.