அப்பாவின் சாரமும் இருபத்திரண்டு ஈயமும்

என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாகத் திட்டமிட்ட உடுப்பு கலியாணச் சேலை அல்ல. (அதை இன்னும் வாங்கவில்லை. ஏன் என்று அம்மாவிடம் கேட்டுவிடாதீர்கள், அரை மணித்தியாலம் போய்விடும்.) ஐந்து கிலோமீற்றர் ஓடுவதற்காக நானே கீறி, நானே அளந்து, தைப்பித்த ஒரு பாவாடைதான் அது. அதற்குப் பதினாறு வரியில் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பாவாடை ஊர் பார்த்துக்கொண்டிருக்க என் இடுப்பை விட்டுப் போனது. வெட்கமாக இருந்ததா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஓம், இருந்தது. ஏறக்குறைய நான்கு விநாடி.

நாங்கள் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புத்தளம் பக்கம் எத்தாளையில் தங்கிவிட்ட குடும்பம். யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அப்பாவின் வலைக்கு இந்தக் களப்புத் தண்ணீர் பழகிவிட்டது, எனக்கு இங்கே வேலையும் கிடைத்துவிட்டது. நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீதி, வடிகான், மதகு என்று அளந்து, கொங்கிரீட் கலவை சரியா என்று சோதித்துக் கையெழுத்து வைப்பது என் தொழில். விடியப்புறத்தில் சல்வாரோடு களப்பு ஓரமாக ஓடுவது என் பழக்கம். அந்த நேரத்தில் என்னைப் பார்ப்பதற்குக் கொக்குகள் மட்டும்தான் இருக்கும், அவை கதை காவுவதில்லை.

பிறகு பெண்களுக்கான ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று அறிவித்தார்கள். பட்டப்பகலில், மேடை, ஒலிபெருக்கி, பிரதம விருந்தினர் எல்லாம் வைத்து. நான் பெயர் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். (சம்பளம் வாங்குகிறவளுக்கு அனுமதி எதற்கு என்று கேட்பீர்கள். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.)

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தவில்லை.

"ஓடு. ஆனா முழங்கால் மறையோணும். உன்ர உடுப்பைப் பற்றி ஒருத்தரும் என்னட்ட வந்து கதைக்கக் கூடாது. ஒரு கதை வந்தாலும் சரி, அண்டையோட உன்ர ஓட்டம் முடிஞ்சுது. சப்பாத்தை ஆருக்காவது குடுத்திடுவன்."

சொன்னால் செய்வா. ஆகவே எனக்கு அது வெறும் போட்டி இல்லை. தோற்றால் ஒரு பதக்கம் போகும், கதை வந்தால் எல்லா விடியற்காலைகளும் போகும்.

சல்வார் சரிவராது. எங்கள் பக்கத்துக் காற்றுக்கு அது பாயாக விரியும். நீளப் பாவாடை காலைச் சுற்றும். அப்போதுதான் ஸ்கொட்லாந்துக்காரர்கள் மலையில் ஓடுகிற ஒரு வீடியோ கைப்பேசியில் வந்தது. தாடி வைத்த ஆண்கள், முழங்கால் வரை மடிப்பு மடிப்பாகக் கட்டம் போட்ட பாவாடை. கில்ட் என்று பெயராம். கால் தாராளமாக வீசுகிறது, இடுப்பு மறைகிறது, காற்றோட்டம் இருக்கிறது. என் பட்டியலில் ஒன்பது வரிக்கு அந்த இடத்திலேயே சரி போட்டேன்.

எங்களுக்குத் தைக்கிற ஸித்தி ராத்தாவிடம் வீடியோவைக் காட்டினேன். (முஸ்லிம் வீடுகளில் அக்கா ராத்தா, அண்ணன் நானா.)

"ஆம்பிளையாக்களா இது?" என்றா ராத்தா. "இவங்கட உம்மாமாரு ஒண்டும் சொல்ல மாட்டாங்களா?"

"அதுதான் ராத்தா நானும் கேக்கிறன்."

துணிக்குக் கட்டம் வேண்டும். எங்கள் வீட்டில் கட்டம் போட்ட துணி ஒன்றுதான் இருந்தது. தீபாவளிக்கு வாங்கி, இடுப்பில் கட்டுவதற்கென்று மடிப்புக் கலையாமல் அலுமாரியில் அப்பா வைத்திருந்த நீலக் கட்டச் சாரம். அதை எடுத்துக்கொண்டு போனேன். (அப்பாவிடம் சொல்லத்தான் இருந்தேன். பட்டியலில் பன்னிரண்டாவது வரி அது. பதினோராவது வரியோடு நேரம் போய்விட்டது.)

பதினோராவது வரி, உள்ளாடை.

ஒரு பெண் ஓடியதைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று முகம் சுளிப்பவர்கள், சரியில்லாத உள்ளாடையோடு ஐந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து கதைக்கட்டும். நான் பேப்பரில் நான்கு நிரல் கீறினேன்: உரசுதல், மேலேறுதல், ஈரம் பிடித்தல், வெளியே தெரிதல். வீட்டில் இருந்த பருத்தி உள்ளாடை இரண்டாவது கிலோமீற்றரில் ஈரச் சாக்காகித் தொடையைத் தீட்டியது. புத்தளம் ரவுணுக்குப் போனேன். கடையில் இருந்த நானா ஒருவர் சரிகை வைத்த, மினுங்குகிற ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இதைப் போட்டுக்கொண்டு ஓடலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "தங்கச்சி, நான் இருவது வருசமா யாவாரம் பண்றேன். போடுறதுக்குத்தான் எல்லாரும் வாங்குறாங்க. ஓடுறதுக்கு ஒருத்தரும் கேட்டதில்ல."

வாங்கிச் சோதித்தேன். அது ஐந்நூறு மீற்றரில் கண்காணாத இடத்துக்கு ஏறிவிட்டது. கடைசியில் ஓரத்தில் தையல் இல்லாத சாதாரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மேலுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிரா. மூச்சு விடுவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் ஆட்டம் இல்லை. தொடைக்குத் தேங்காயெண்ணெய். இவற்றுக்கெல்லாம் மேல், இழுபடுகிற கறுப்புத் துணியில் முழங்காலுக்குக் கீழே வரும்படி ஒரு உள் காற்சட்டையை ராத்தா தைத்துத் தந்தா. யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் அதற்கும் இரண்டு தரம் அளவு கொடுத்தேன்.

கில்ட்டின் இடுப்புக்குப் பிள்ளைகளின் சப்பாத்தில் இருக்கிற ஒட்டுப்பட்டி போதும் என்றேன். பர்ர் என்று இழுத்தால் கழற்றிவிடலாம்.

"ஒட்டுப்பட்டி பைக்குத்தான் தங்கச்சி நல்லம். இடுப்புக்குக் கொளுக்கி வைப்போம்."

"பாரம் கணக்குப் பார்த்திட்டன் ராத்தா. தாங்கும்."

உண்மையில் தாங்கும். கணக்கில் பிழை இல்லை. போட்டிக்கு இரண்டு நாளைக்கு முன்பு விடியப்புறம் அதைக் கட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினேன். களப்புக் காற்று பின்னால் வந்து ஒரே தூக்கில் அதை என் தலைக்கு மேலே கொண்டுபோனது. கொக்குகள்கூடப் பறந்துவிட்டன.

மீன்பிடிக்காரன் மகளுக்கு இதற்கா மருந்து தெரியாது? வலை மிதக்காமல் இருக்க அடிக்கயிற்றில் என்ன கோக்கிறார்கள்? அப்பாவின் பெட்டியிலிருந்து ஈயம் எடுத்து, மடிப்புக்கு ஒன்றாக இருபத்திரண்டு ஈயத்தைக் கீழ்க்கரையில் வைத்துத் தைத்தேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குந்தி எழும்பினேன், துள்ளினேன், நின்ற இடத்தில் ஓடினேன். அருமையாக இருந்தது. சரி போட்டேன்.

ஒட்டுப்பட்டிக்குக் கணக்குப் பார்த்தது ஈயத்துக்கு முன்பு. ஈயம் கட்டிய பிறகு திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடம் இப்படி ஒரு மதகைக் காட்டியிருந்தால் இடிக்கச் சொல்லியிருப்பேன்.

போட்டி அன்றைக்கு அம்மா மைதானத்தில் வந்து நிற்க, வெடி வைத்து ஓட்டத்தைத் தொடக்கினார்கள். முதல் நூறு மீற்றரிலேயே ஈயம் வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலில் டக், டக். பக்கத்தில் ஓடிய பிள்ளை திரும்பிப் பார்த்து, "அக்கா, கதவுத் திறப்புக் கோர்வையோட ஓடுறீங்களா?" என்றாள். பதில் சொல்ல மூச்சில்லை. (இரண்டு பிரா.) மூன்றாவது கிலோமீற்றரில் முழங்கால் வீங்கியது, வேர்வை ஒட்டுப்பட்டிக்குள் இறங்கியது. நான் ஆறாவதாக வந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மைதானத்துக்குள் வந்து ஒரு சுற்றுப் போட வேண்டும். வாசலுக்குள் நுழைந்தபோது காற்று பின்னால் அடித்தது. பர்ர்ர் என்று ஒரு சத்தம். அப்பா வீசுகிற வலை எப்படி வட்டமாக விரிந்து விழுமோ அப்படியே என் கில்ட் விரிந்து, தண்ணீர்க் கோப்பைகள் அடுக்கியிருந்த மேசையின் மேல் விழுந்தது. அத்தனை கோப்பையும் ஒரே வீச்சில் பிடிபட்டன.

நான் சொன்ன நான்கு விநாடி இதுதான். முதல் விநாடியில் நின்றேன். இரண்டாவதில் திரும்பிப் போய் எடுக்க நினைத்தேன். மூன்றாவதில் அம்மா எந்தப் பக்கம் இருக்கிறா என்று தேடினேன். நான்காவதில் குனிந்து என்னைப் பார்த்தேன். கறுப்புக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே இறுக்கமாக, ஒரு நூல் பிரியாமல் இருந்தது. உரசவில்லை, ஏறவில்லை. நான் செய்த பொருட்களில் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

ஓடினேன். ஈயம் இல்லாத கால் எவ்வளவு இலேசு! ஒருத்தியை முந்தினேன்.

அப்போது ஒலிபெருக்கி கனைத்தது. "ஒரு முக்கிய அறிவித்தல். தண்ணி மேசையில ஒரு சாரம் கண்டெடுக்கப்பட்டிருக்கு. நீலக் கட்டச் சாரம். கீழ ஈயம் கட்டியிருக்கு. உரியவர் உடனடியா மேடைக்கு வரவும்."

மைதானத்தில் நின்ற ஆண்கள் எல்லாரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். என் அப்பா. இரண்டு கிழமையாகச் சாரத்தைத் தேடிக்கொண்டிருந்த மனிதர். அதை வாங்கி விரித்துப் பார்த்தார், மடிப்புகளைப் பார்த்தார், ஈயத்தைத் தடவினார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்கடதா?" என்றார் அறிவிப்பாளர். ஒலிவாங்கி திறந்தே இருந்தது.

"ஓம். சாரமும் என்ர, ஈயமும் என்ர," என்றார் அப்பா. "அந்தா ஓடுறதும் என்ர பிள்ளைதான்."

நான் இன்னொருத்தியையும் முந்தினேன்.

நான்காவதாக வந்தேன். பதக்கம் மூன்று பேருக்குத்தான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். வேறு வழியில்லை. அம்மாவைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். கதை ஏற்கெனவே வந்துவிட்டது என்று முகங்களிலேயே தெரிந்தது.

அம்மா என் காற்சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தா. "முழங்கால் மறைஞ்சிருக்கு," என்றா.

"ஓம் அம்மா. ஆனா கதை வந்திட்டுதே."

"கதைக்க இருந்ததெல்லாத்தையும் கொப்பர் மைக்கில கதைச்சு முடிச்சிட்டார். இனி ஆருக்கு என்ன மிச்சம் கிடக்கு?" சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பினா. "இதை மட்டும் போட்டிருக்கலாமே. அநியாயத்துக்கு ஒரு நல்ல சாரத்தை வெட்டினனி. சப்பாத்தைப் போடு, மண் சுடுது."

இப்போது நான் காற்சட்டையோடு மட்டும்தான் ஓடுகிறேன். பகலிலும் ஓடுகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். நான் வாசலுக்கு வந்தால் அப்பா கொடியில் கிடக்கிற சாரத்தை எடுத்து உள்ளே வைக்கிறார். இருபத்திரண்டு ஈயத்தில் இருபதுதான் திரும்பி வந்தன. அன்றிலிருந்து வலையில் மீன் குறைந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே கதைதான்.

"அந்த ரெண்டு ஈயமும் வலையில இருந்திருந்தா..." என்று அப்பா பெருமூச்சு விடுவார்.

"அதைத்தான் தேடப் போறன்," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்து நாடாவைக் கட்டுகிறேன்.