கணவருக்கு அப்பா பெயர்

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவரை, வாங்கிய முதல் ஐந்து வருடங்களுக்கு எந்த முடிவும் எடுக்க விடக் கூடாது. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவுக்கே முதல் பி.காம். நான்தான். அதனால் அதிகாரத்தோடு சொல்கிறேன்.

கோ. வசந்தா, பி.காம். இந்த ஒரு வரி சான்றிதழில் ஏறுவதற்குள் எத்தனை பஸ் நெரிசல், எத்தனை ஏச்சு (எத்தனை அரியர்!). செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் கணக்கு எழுதப் போன இடத்தில் அங்கே தங்கியிருந்த ஜெர்மன்காரர் மார்ட்டினைச் சந்தித்து, வீட்டாரைச் சம்மதிக்க வைத்துக் கல்யாணமும் முடித்த பிறகு, அந்த வரிக்கு ஆபத்து வந்தது. ஜெர்மனியில் கணவன் மனைவிக்கு ஒரே குடும்பப் பெயர் இருப்பதுதான் வழக்கமாம். நான் திருமதி ஷ்னைடர் ஆக வேண்டுமாம்.

“என் பேரு மாறினா அந்த சர்டிஃபிகேட் யாரோ ஒருத்தியோடது ஆயிடும். வேணும்னா நீங்க என் பேரை எடுத்துக்குங்க” என்றேன்.

“சரி” என்றார். (இன்றுவரை எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுவார். அவரிடம் உள்ள ஒரே குறை அதுதான்.)

அப்புறம்தான் உறைத்தது, எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லை. இருப்பது ஓர் இனிஷியல். அதை விரித்தால் கோவிந்தன். என் அப்பா. அதனால் என்ன? காகிதங்கள் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் போயின. சில மாதங்களில் ‘மார்ட்டின் கோவிந்தன்’ என்று புதுப் பாஸ்போர்ட் வந்தது. தெரு முழுக்கக் காட்டினேன்.

அம்மா மட்டும் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்பா பெயரை வாயால் சொல்லாதவர் அம்மா. “போயும் போயும் அந்தப் பேருதான் கெடைச்சிதா? இனிமே மாப்பிள்ளய நான் எப்படிக் கூப்புட்றது?” என்றார். படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அப்பாவுக்கோ பரம சந்தோஷம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. தன் பெயர் விமானம் ஏறிவிட்டதாகக் கிரிவலப் பாதை டீக்கடையெல்லாம் சொல்லி வைத்தார்.

புதுப் பெயர் மார்ட்டினுக்குப் பழக வேண்டுமே. பயிற்சி கொடுத்தேன். சமையலறையிலிருந்து “கோவிந்தன்!” என்று கத்துவேன். அவர் எங்கே இருந்தாலும் விறைப்பாக எழுந்து நின்று “உள்ளேன் ஐயா!” என்று பதில் சொல்ல வேண்டும். (பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் வருகைப் பதிவு.) எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து, “இன்னாக்கா, உம்பொண்ணு அப்பனையே பேர் சொல்லி அதட்றா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அப்பா அரசுப் பயணியர் விடுதி ஒன்றில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்துக்கு நேரில் போய், உயிரோடு இருப்பதைக் காட்டிக் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால்தான் பென்ஷன் வரும். அம்மாவின் சர்க்கரை மாத்திரைகூட அதில்தான் ஓடியது. அந்த வருடம், “நான் படிச்சவ, நானே கூட வரேன்” என்று கிளம்பினேன். மார்ட்டினும் வந்தார்.

அங்கே பயங்கரக் கூட்டம். பென்ஷன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, “பேரு கூப்ட நேரமாவும், ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்றேன்” என்று அப்பா வெளியே போனார். நான் பக்கத்திலிருந்த ஒரு பெரியம்மாவிடம், பெண்கள் பெயரை மாற்றிக்கொள்ளாமல் இருப்பதன் அவசியத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

“கோவிந்தன்!”

“உள்ளேன் ஐயா!”

நான் திரும்புவதற்குள் மார்ட்டின் ஜன்னலருகே போய்விட்டார். உள்ளே இருந்த கிளார்க் தலை நிமிராமல் பதிவேட்டை நீட்டினார். இவர் அழகாக, தெளிவாக, கோடு பிசகாமல் கையெழுத்துப் போட்டார். வருடா வருடம் கட்டை விரல் ரேகை விழுந்த இடத்தில் ஆங்கிலக் கையெழுத்து விழுந்ததும் கிளார்க் நிமிர்ந்தார்.

“ஏங்க, ரிட்டையர் ஆனா இவ்ளோ வெளுத்துடுவாங்களா?”

கூட்டம் சிரித்தது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் பி.காம். ஆயிற்றே! சட்டப்படி இவரும் கோவிந்தன்தான் என்று பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே. சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“அப்பா பேரு?”

“கோவிந்தன்.”

“வீட்டுக்காரர் பேரு?”

“கோவிந்தன்.”

“இதுல ஜெர்மன் குடியுரிமைன்னு போட்டிருக்கு. ஜெர்மன்காரருக்கு நாங்க பென்ஷன் தர்றதில்லம்மா. இது ஆள்மாறாட்டம். கையெழுத்துப் போட்டது யாரு, வாட்ச்மேன் யாருன்னு தெரியிற வரைக்கும் பென்ஷனை நிறுத்தி வைங்க.”

அந்த நேரம் பார்த்து அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இன்னா சார், கூப்ட்டீங்களா?”

“கூப்ட்டோம், வந்தாரு, கையெழுத்தும் போட்டாச்சு. நீ யாருப்பா?” என்றார் கிளார்க்.

“கோவிந்தன் சார்.”

மறுபடியும் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, இப்ப நான் இருக்கேனா இல்லியா?”

மார்ட்டின் எல்லோரையும் பார்த்து “சரி, சரி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதிகாரியே இரங்கி, மறுநாள் வீட்டம்மாவை ரேஷன் கார்டோடு அழைத்துவரச் சொன்னார். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கோவிந்தன்களும் வரிசையாக நின்றார்கள்.

“இதுல உங்க வீட்டுக்காரர் யாரும்மா?”

அம்மா மோவாயால் அப்பாவைக் காட்டினார்.

“பேரு?”

“எம்பொண்ணு சொல்லுவா, படிச்சவ.”

“அவங்க சொல்லித்தான் இவ்ளோ வந்துச்சு. நீங்க சொல்லுங்க.”

“சொல்லக்கூடாதுங்க.”

“சரி, அவரு யாரு?”

“எங்க மாப்பிள்ள.”

“அவரு பேரயாவது சொல்லுங்க.”

“அதுவும் அதே பேருதாங்களே, எப்படிச் சொல்றது? இவ போய் அந்தப் பேரத் தூக்கி இவருக்கு வச்சதுலேருந்து மாப்பிள்ளய சோறு துன்னக்கூட கூப்ட முடியலீங்க. கதவத் தட்டித்தான் கூப்புட்றேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு பேருக்கும் ஒரே பேருங்கிறதுக்கு இதைவிட இன்னா சாட்சி வேணும்?” என்று சொல்லிவிட்டு, மார்ட்டினின் கையெழுத்தை அடித்துச் சுருக்கொப்பம் இட்டார். அப்பா கட்டை விரலை மையில் தோய்த்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி வைத்தார். பென்ஷன் ஒழுங்காக வந்தது.

பெயரை மாற்றாமல் ஜெயித்தவள் நான். ஆனால் ஜெர்மனிக்குப் போகும்போதெல்லாம் அங்கே எல்லோரும் “திருமதி கோவிந்தன்” என்கிறார்கள், நான் அம்மா எங்கே என்று திரும்பிப் பார்க்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து கருவூலத்துக்கு அப்பா தனியாகவே போய்வந்தார், என்னிடம் தேதியைக்கூடச் சொல்லாமல். பிறகு வீட்டில் போன் வைத்தோம். யாராவது கூப்பிட்டுக் கோவிந்தன் இருக்கிறாரா என்று கேட்டால், அம்மா இன்றைக்கும் நிதானமாக விசாரிக்கிறார்:

“எவருங்க வேணும்? பென்ஷன் வாங்குறவரா, நிறுத்துனவரா?”