குப்புசாமிக்கு ஒரு புள்ளி

இந்த வருஷம் முதல் பலாப்பழம் மச்சான் வீட்டுக்குப் போகாது என்று குப்புசாமி தீர்மானம் போட்டார். மனசுக்குள்தான். வாய்விட்டுப் போடும் அளவுக்கு வீட்டில் அவருக்குச் செல்வாக்கு இல்லை.

பதினேழு வருஷமாக முதல் பழம் மனைவி பெருமாயியின் தம்பி முருகானந்தத்துக்கே, மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குப்புசாமிக்குக் கிடைத்ததெல்லாம் அதன் ருசியைப் பற்றிய போன் பேச்சு. ஆகவே விடிந்ததும் பழத்தை மரத்திலிருந்து அறுத்து மாட்டுக் கொட்டாய் வைக்கோலுக்குள் புதைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“மோசம் போயிட்டோம் புள்ள. ஒரு குரங்கு பழத்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடிருச்சு.”

“இருபது கிலோ பழத்தையுங்களா?”

“நல்ல வாட்டசாட்டமான குரங்கு.”

“தம்பி மத்தியானம் பஸ்ஸுக்கு வாரானே!”

பெருமாயி கோபப்படவில்லை. பக்கத்து அறையில் குடியிருந்த அருணாவைக் கூப்பிட்டாள். மலைக்குரங்குகள் எப்படிக் கூட்டமாக முடிவெடுக்கின்றன என்று ஆராய வந்த பெண் அவள். அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு குரங்கும் ஒரு புள்ளி. பக்கத்துப் புள்ளியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றும் நகரும். நிஜக் கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்பதை அது முன்கூட்டியே காட்டும்.

“ஒத்தைக் குரங்கு கூட்டத்தை விட்டு வராதுங்கய்யா. வந்தா கூட்டத்துல உள்ள முப்பத்திரண்டும் வந்து தோலைச் சிதறடிச்சிருக்கும்.”

“இது கூட்டத்தோட கோவிச்சுக்கிட்டு வந்த குரங்கு அம்மணி.”

பெருமாயி அருணா பக்கம் திரும்பினாள். “ஏங்கண்ணு, இதுல மனுசனுக்குப் புள்ளி வெக்கலாமா?”

“குணத்தைச் சொல்லுங்கக்கா, வெச்சுரலாம்.”

“நாலு பேரு சும்மா உக்காந்திருக்கிற பக்கம் போவாரு. மம்பட்டி இருக்கிற பக்கம் தலைவெச்சும் படுக்கமாட்டாரு. தின்பண்டம் இருந்தா அதையே சுத்திச் சுத்தி வருவாரு.”

அருணா டொக்கு டொக்கென்று தட்டினாள். “மூணு மணிக்குள்ள எங்க போய் நிப்பார்னு இது காட்டிருமுங்கக்கா.”

குப்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை. தன் பேரில் ஒரு புள்ளி கூசாமல் வைக்கோலுக்குள் நுழைவது கண்ணுக்குள்ளேயே நின்றது. இரண்டரைக்குக் கொட்டாய்க்குப் போய், பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் ஏற்றினார். ரோட்டைத் தாண்டிவிட்டால் கூட்டாளி அர்த்தனாரியின் காப்பித் தோட்டம். தாண்டும்போது சரியாக பஸ் வந்து நின்றது. முருகானந்தம் இறங்கினான்.

“ஏனுங்க மாமா, பஸ் வரைக்கும் நீங்களே சுமந்துட்டு வாரீங்களே!”

“உம்மேல மாமனுக்கு அத்தனை பிரியம் சாமி,” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து பெருமாயியின் குரல் கேட்டது. கொட்டாயிலிருந்தே பின்தொடர்ந்து வந்திருக்கிறாள்.

குப்புசாமி சாக்கை இறக்கிவிட்டு மெல்லக் கேட்டார்: “கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துருச்சா?”

“அது காலைலயே சார்ஜு தீந்து அணைஞ்சு கெடக்குதுங்க.”