பெப்பேக்கு ஒரு கொயில்

"நேற்றையதைவிட மோசம்" என்று சிஞ்ஞோர் பெப்பே ஆவியை ஊதிவிட்டு, வேப் என்ற மின்சிகரெட்டை றஞ்சித்தின் கையில் திணித்தார். "ருசி வரயில்லை. இண்டைக்கும் நீ போகேலாது."

பலெர்மோவில் இந்தக் கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் றஞ்சித்தின் வேலை. கிழவர் சொன்னது இத்தாலியனில். றஞ்சித் அதைத் தன் மண்டைக்குள் மன்னார்த் தமிழாக்கித்தான் கேட்பான். எந்தப் பாஷையில் கேட்டாலும் வயிறு எரியத்தான் செய்தது.

கிழவருக்கு இதயம் கைவிட்டுக்கொண்டிருந்தது. டொக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். சிகரெட்டை மறக்கட்டும் என்று மகள் மொனிகா ஒரு வேப் வாங்கிக் கொடுத்தாள். அதோடு றஞ்சித்துக்குச் சனி பிடித்தது. இளவயதில் மொண்டெல்லோ கடற்கரையில் கோப்பி குடித்த கையோடு பிடித்த சுருட்டின் ருசி அதில் வரவேண்டுமாம். வரும்வரைக்கும், பின்னேரத்தோடு வேலை முடிந்த றஞ்சித் வீட்டுக்குப் போகக் கூடாதாம். ஞாயிறும் வரவேண்டுமாம்.

வேலை முடிந்தும் போகவிடுகிறார் இல்லை என்று மட்டும் மொனிகாவிடம் முறையிட்டான்.

"பப்பா சொல்லுறதைச் செய், றஞ்சித். அவர் உன்னை வேண்டாமெண்டால் நான் அவரை முதியோர் இல்லத்திலதான் விடவேணும்."

கிழவர் இல்லத்துக்குப் போனால் வேலை ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸோ இல்லாவிட்டால் பலெர்மோவே இல்லை. ஒரு குடும்பத்தின் தலைவிதி சுருட்டு ருசியில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மொண்டெல்லோவில் கோப்பை கழுவும் கிரிசாந்துக்குப் போன் போட்டான். வேப் விஷயத்தில் அவன் கரைகண்டவன்.

"வேப்புக்குள்ளை சூடேறுற கம்பிச் சுருள்தானண்ணை கொயில். கடைக் கொயிலிலை என்ன ருசி வரும்? நீங்களே சுத்துங்கோ. ரெண்டு கம்பியை முறுக்கிச் சுத்தினால் ருசி தூக்கும். காத்து வாற ஓட்டைக்குக் கிட்ட வையுங்கோ. பஞ்சை மட்டும் இறுக்கிப்போடாதேங்கோ."

றஞ்சித் கம்பி வாங்கி, திருப்புளியில் சுற்றி, பஞ்சை நன்றாக இறுக்கினான். இறுக்கிக் கட்டினால்தான் எதுவும் நிற்கும் என்பது அவன் ஊரில் வள்ளத்தில் கற்ற பாடம். இறுகிய பஞ்சில் ஆவியாக வேண்டிய திரவம் ஊறவில்லை. பஞ்சு கருகியது. சோதிக்க ஒருமுறை இழுத்தவன் குளியலறைக்கு ஓடி ஓங்காளித்தான். திரும்பி வந்து பார்த்தால், கிழவர் அதையே நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"இது பரவாயில்லை" என்றார். "ஆனால் இன்னும் கொஞ்சம் குறையுது. இரு, அந்தச் சுருட்டை எனக்கு ஆர் தந்ததெண்டு சொல்லுறன்."

சொன்னார். இருட்டும்வரை சொன்னார்.

"வாட்டைக் கூட்டி இன்னும் சூடாக்குங்கோ" என்றான் கிரிசாந். கூட்டினான். வேப் கொதித்துக் கிழவரின் மீசை நுனி பொசுங்கியது. அதற்கும் கிழவர் "குறையுது" என்றார்.

மனித முயற்சி தோற்றால் தமிழனுக்கு மலை இருக்கிறது. றஞ்சித் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெல்லெகிரினோ மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்குள் கொயிலை நீட்டி மன்றாடினான். அதோடு விட்டிருக்கலாம். பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரில் பஞ்சையும் நனைத்துக்கொண்டு வந்தான். திரவம் ஊறவேண்டிய பஞ்சில் தண்ணீர் ஊறினால் என்னவாகும்? வேப் தாளிச்சட்டியாகச் சீறி, கொதிநீரைக் கிழவரின் உதட்டில் துப்பியது.

உதட்டுக் கொப்புளத்தை மொனிகா பார்த்தாள். "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் வேலை இல்லை" என்றாள்.

மகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் கிட்டியிருந்தது. வீட்டில் மனைவி அனிற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஞாயிறு நிரோசினிக்கு முதல் நன்மை. கிழவனிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொல்லி, கோவிச்சு வேண்டாமெண்டிட்டால்?"

"அப்ப பிள்ளை தகப்பனில்லாமல் பீடத்துக்குப் போகட்டும். நீங்கள் கிழவனுக்குப் பஞ்சு அடையுங்கோ."

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை கொயில் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையிலும் கம்பி. ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, நாளைக்கு வருவீங்கள்தானே?" நிரோசினி அழுதுகொண்டு கேட்டாள். "நீங்கள் வராட்டி நான் நன்மை எடுக்கமாட்டன்."

"பாப்பம், அம்மா" என்று வைத்துவிட்டான்.

கிழவருக்குத் தமிழ் தெரியாது. அழுகை விளங்கியிருக்க வேண்டும். "ஆர் அது?"

"மகள், சிஞ்ஞோர். நாளைக்கு அவளுக்கு முதல் நன்மை."

"ஏன் எனக்கு முந்தியே சொல்லயில்லை?"

றஞ்சித் தலையைக் குனிந்தான். கவனம் கம்பியில் இல்லை. சுற்றிய கம்பி கோணலாகப் போனது. பஞ்சை ஏனோதானோவென்று செருகினான். அவன் கட்டியதிலேயே ஆகக் கேவலமான கொயில் அதுதான். வேலை போனது என்று நினைத்துக்கொண்டே நீட்டினான்.

கிழவர் ஒரு இழுவை இழுத்து, கண்ணை மூடினார்.

"பெர்ஃபெத்தோ" என்றார். "இதுதான் அந்த ருசி. நீ போ. திங்கள் வந்தால் காணும்."

றஞ்சித்துக்குத் தலைகால் புரியவில்லை. கொயிலைப் படம் எடுத்துக் கிரிசாந்துக்கு அனுப்பினான்.

"இதிலை எப்பிடியண்ணை ருசி வரும்?"

"உனக்கென்னடா தெரியும்?" என்றான் றஞ்சித், புதுப் பெரியமனிதன்.

ஞாயிறு நிரோசினி வெள்ளை உடுப்பில் நன்மை வாங்கினாள். றஞ்சித் முன்வரிசையில் நின்றான். விருந்தில் கேக் வெட்டும்போது மொனிகாவின் போன் வந்தது. கிழவர் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

ஒப்பந்தமும் கிழவரோடு போனது. ஆனால் அடக்கத்துக்கு நின்ற றஞ்சித்துக்கு அதைவிடக் கிழவரை நினைக்கத்தான் கவலையாக இருந்தது. ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அதை மொனிகாவுக்கும் கொடுக்க நினைத்தான்.

"அழாதேங்கோ, சிஞ்ஞோரா. கடைசியா அவர் தேடின ருசியை நான் குடுத்திட்டன்."

மொனிகா சிவந்த கண்ணோடு அவனைப் பார்த்தாள்.

"என்ன ருசி, றஞ்சித்? கொவிட் வந்த நாளிலயிருந்து பப்பாவுக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாதே!"